டயர் வழுக்குதா? முதலில் காத்தைப் பாருங்க

மூடாக்கைப் பற்றியும், உழாத தோப்பைப் பற்றியும் நம்ம இதழில் நிறையப் படிச்சிருக்கோம். ஆனா உழவை நிறுத்தினவங்க அடுத்த மழைக்காலத்திலேயே சந்திக்கிற ஒரு சங்கடத்தைப் பற்றி யாரும் எழுதி நான் பார்க்கலை. புல் வளர்ந்த தோப்புக்குள்ள டிராக்டர் வழுக்கும். உழுத மண்ணில் ஒழுங்கா ஓடின அதே வண்டி, ஈரப் புல்லில் சோப்பு போட்ட தரையில் நடக்கிற மாதிரி ஓடும். அதுக்கு என்ன டயர் போடுறது, டயரை மாற்றாமலே என்ன செய்யலாம் என்பதை நான் பட்டுத் தெரிஞ்சுகிட்ட வரையில் எழுதுறேன்.

எங்க தோப்பு பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை போகிற பக்கம், மலையடிவாரத்தில் இருக்கு. நாலு ஏக்கர் மா. கல்லாமையும் செந்தூரமும்தான் அதிகம். மேல்பாதி செவல் மண், கல் கலந்தது, சரிவு. கீழ்ப்பாதி சமதளம், கொஞ்சம் களி சேர்ந்த மண். எங்கப்பா காலத்திலிருந்து வருஷத்துக்கு இரண்டு உழவு ஓட்டுவோம். ஏழு வருஷத்துக்கு முன்னால அதை நிறுத்தினோம். இப்போ புல்லை வளரவிட்டு, மினி டிராக்டரின் பின்னால் மல்ச்சர் மாட்டி வருஷத்துக்கு மூணு தடவை வெட்டி, வெட்டினதை அங்கேயே மூடாக்காப் போட்டுடுறோம். மண்புழு வந்துச்சு, மரத்தடியில் ஈரம் நின்னுச்சு. அதில் எல்லாம் குறை இல்லை.

அந்த ஐப்பசி

மூணாவது வருஷம் ஐப்பசிக் கடைசியில் இரண்டு நாள் நல்ல மழை. மூணாம் நாள் வெயில் அடிச்சது. புல் முழங்கால் உயரம். "இப்பவே வெட்டிருவோம் மாமா, விட்டா முத்திப் போகும்"னு அக்கா மகன் வண்டியை எடுத்தான். நானும் சரின்னுட்டேன். தப்பு என் மேலதான்.

மேல்பாதியை வெட்டி முடிச்சு, மல்ச்சரைத் தூக்கிக்கிட்டு கீழே இறங்கும்போது வண்டி வேகம் எடுத்திருக்கு. அவன் பிரேக்கை மிதிச்சான். சக்கரம் நின்னுருச்சு, வண்டி நிக்கலை. அப்படியே பக்கவாட்டில் சறுக்கி ஒரு கல்லாமை மரத்தில் போய் மோதி நின்னுச்சு. ஒரு முழ நீளத்துக்குப் பட்டை உரிஞ்சு போச்சு. அந்த மரம் மட்டும் குறுக்கே இல்லைன்னா அதுக்குக் கீழே நாலடி உயரக் கல்லுக்கட்டு. வண்டி தலைகுப்புறப் போயிருக்கும். "பிரேக் பிடிச்சேன் மாமா, நிக்கவே இல்லை"ன்னு திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டு இருந்தான். அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டில் யாரும் சரியாச் சாப்பிடலை.

மரத்துக்குச் சாணியும் செம்மண்ணும் குழைச்சுப் பூசினோம். அந்தப் பக்கத்துக் கிளை அந்த வருஷம் பூக்கலை. இப்போ பட்டை ஓரத்திலிருந்து மூடிக்கிட்டு வருது.

புது டயர் போட்டேன், புது வினை வந்துச்சு

பழைய டயர் தேஞ்சதால்தான் வழுக்குச்சுன்னு நினைச்சு, பின்சக்கரம் இரண்டுக்கும் புது டயர் வாங்கிப் போட்டேன். நல்ல உயரமான பட்டன். டயர் மேல எழும்பி நிற்கிற ரப்பர் கட்டைகளைத்தான் பட்டன்னு சொல்லுவோம். பிடிமானம் கூடினது உண்மை. ஆனா ஒவ்வொரு திருப்பத்திலும் புல்லை வேரோட பிய்ச்சுப் போட்டுச்சு. சக்கரம் போன இரண்டு தடமும் மண் தெரிய ஆரம்பிச்சது. மேலிருந்து கீழ ஒரே தடத்தில் ஓட்டினதால் அடுத்த கார்த்திகை மழையில் அந்தத் தடத்தில் தண்ணி இறங்கி, ஒரு சாண் ஆழத்துக்கு அரிச்சிருச்சு. மூணு வருஷம் சேர்த்த மேல்மண் கல்லுக்கட்டு ஓரத்தில் போய்க் குவிஞ்சு கிடந்துச்சு. உழவை நிறுத்தி மண்ணைக் காப்பாத்தினேன்; டயரால அதைத் தோண்டி விட்டுட்டேன்.

எங்க ஊரில் மாட்டு வண்டிக் காலத்திலிருந்து டயர் வேலை பார்க்கிற பெரியவர் ஒருத்தர் பஞ்சர் கடை வச்சிருக்கார். அவர்கிட்டப் போய்ப் புலம்பினேன். அவர் டயரைக்கூடப் பார்க்கலை.

"காத்து எம்புட்டு அடிச்சிருக்க தம்பி?"

"இருபத்தெட்டு பவுண்டு இருக்கும்ணே. மாங்காய் லோடு ஏத்தணும்ல."

"ரோட்டுக்கு அடிச்ச காத்தோட காட்டுக்குள்ள போனா வழுக்காம என்ன செய்யும்? இரும்புப் பட்டை வண்டி ஈரத்துல எறங்குனா என்னாகும்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். இரும்புப் பட்டை போட்ட மாட்டு வண்டிச் சக்கரம் ஈர நிலத்தில் கத்தி மாதிரி இறங்கும். டயர் வண்டி அதே பாரத்தோட மேலாகப் போயிரும். பாரம் ஒண்ணுதான், அதைத் தாங்குற பரப்புதான் வேற.

டிராக்டரும் முதலில் இரும்புச் சக்கரத்தில்தான் ஓடினது. 1932-ல் அமெரிக்காவில் ஆலிஸ்-சால்மர்ஸ் கம்பெனி டிராக்டருக்குக் காற்றடைச்ச டயர் போட்டுப் பார்த்தாங்க. அப்போ அதுக்கு விமான டயரைத்தான் எடுத்தாங்க. குறைஞ்ச காற்றில் அகலமா உட்காரும் என்பதுதான் அதில் விஷயம். நாம அதே டயரில் ரோட்டுக் காற்றை அடிச்சு, திரும்ப இரும்புச் சக்கரமா மாத்திடுறோம்.

பிடிமானம் எங்கிருந்து வருது?

டயர் மட்டும் பிடிமானம் தர்றதில்லை, மண்ணும்தான் தருது. பட்டன் மண்ணுக்குள்ள கொஞ்சம் இறங்கி, மண்ணைப் பின்னால் தள்ளுது. மண் அசையாமல் எதிர்த்து நின்னா வண்டி முன்னால போகும். மண் தளர்ந்து கொடுத்தா சக்கரம் சுத்தும், வண்டி நிக்கும். ஈரமான மண்ணுக்கு எதிர்த்து நிற்கிற தெம்பு கிடையாது. அங்க எவ்வளவு உயரமான பட்டன் போட்டாலும் அது மண்ணைத் தோண்டும், அவ்வளவுதான்.

இன்னொண்ணு. கலப்பை இழுக்கிற வேலை வேற, புல் வெட்டுற வேலை வேற. கலப்பைக்கு இழுவை வேணும். அதுக்குத்தான் சாதாரண டிராக்டர் டயர் செஞ்சிருக்காங்க. மல்ச்சருக்கு அந்த இழுவை வேண்டியதில்லை. அது பிடிஓ மூலம் இன்ஜின் விசையில் சுத்துது, டிராக்டர் அதைச் சுமந்துக்கிட்டு போனாப் போதும். நமக்கு வேண்டியது மேட்டில் ஏறுற பிடிமானம், இறக்கத்தில் நிற்கிற பிடிமானம், பக்கவாட்டில் சறுக்காத பிடிமானம். அதோட புல்லையும் பிய்க்கக் கூடாது. உழுகிறவங்க கேட்கிற கேள்வியும் நாம கேட்க வேண்டிய கேள்வியும் ஒண்ணு இல்லை.

காற்றைக் குறைச்சா என்ன ஆகும்?

டயர் தரையை அழுத்துற அழுத்தம், அதுக்குள்ள இருக்கிற காற்றின் அழுத்தத்தை ஒட்டித்தான் இருக்கும். 24 பவுண்டை 12 ஆக்கினா, கணக்குப்படி தரையில் படுகிற பரப்பு இரட்டிப்பாகணும். டயரோட சொந்த விறைப்பு இருக்கிறதால அவ்வளவு வராது, ஆனா வித்தியாசம் கண்ணால பார்க்கலாம். சிமெண்டுத் தளத்தில் டயருக்கு நீர்த்த சுண்ணாம்பைத் தடவி, ஓர் அடி முன்னால நகர்த்தி, பதிஞ்ச தடத்தைப் பாருங்க. காற்றைக் குறைச்சுட்டு பக்கத்திலேயே இன்னொரு தடம் வைங்க. வேற விளக்கம் தேவைப்படாது.

தடம் நீளமானா அதிகப் பட்டன் ஒரே நேரத்தில் மண்ணைப் பிடிக்கும். ஒவ்வொரு பட்டன் மேலயும் விழுற பாரம் குறையும். அதனால மண் குறைவாக இறுகும், புல் குறைவாகப் பிய்யும். மாமரத்தின் சத்து உறிஞ்சுற நுண்வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கு. அதுக்கு மேலதான் நாம வண்டி ஓட்டுறோம்.

எவ்வளவு குறைக்கலாம் என்பது டயரைப் பொறுத்தது. டயர் கம்பெனி தருகிற அட்டவணையில் ஒவ்வொரு பாரத்துக்கும் இவ்வளவு பவுண்டுன்னு போட்டிருக்கும். என் பின்டயருக்குக் கீழ் எல்லை 12 பவுண்டு. நான் சமதளத்தில் 12, சரிவில் 14 வைக்கிறேன். எல்லைக்குக் கீழ போகாதீங்க. காற்று ரொம்பக் குறைஞ்சா டயர் ரிம்மிலேயே நழுவி, டியூபின் வால்வைப் பிய்ச்சுடும். சரிவில் டயர் பக்கவாட்டில் மடங்கி வண்டி ஆடும்.

மாங்காய் ஏத்தி ரோட்டுக்குப் போறதுக்கு முன்னால திரும்ப ஏத்திடணும். குறைஞ்ச காற்றோட லோடு ஏத்தி வேகமா ஓடினா டயர் சூடாகி வெடிக்கும். வீட்டில் ஒரு காற்று மீட்டரும், சின்ன கம்ப்ரஸரும் இருந்தா இது ஐஞ்சு நிமிஷ வேலை.

வழுக்கலை அளந்து பாருங்க

வழுக்குது, வழுக்கலைன்னு கண் மதிப்பில் சொல்லாம அளக்க ஒரு எளிய வழி இருக்கு. பின்டயரில் ஓர் இடத்தில் சுண்ணாம்பால கோடு போடுங்க. மல்ச்சரைத் தூக்கிக்கிட்டு, காய்ஞ்ச சமதளத்தில் சக்கரம் 10 சுற்று சுத்துற தூரத்தை அளங்க. அப்புறம் வேலை செய்யுற இடத்தில், வெட்டிக்கிட்டே அதே 10 சுற்றுக்கு வண்டி போன தூரத்தை அளங்க. குறைஞ்ச தூரம்தான் வழுக்கல்.

என் வண்டியில் காய்ஞ்ச தரையில் 10 சுற்றுக்கு 25 மீட்டர் வந்துச்சு. 28 பவுண்டு காற்றோட, ஈரம் இருந்த மேட்டில் ஏறும்போது 20 மீட்டர்தான். அதாவது 100-க்கு 20 பங்கு வழுக்கல். காற்றை 14-க்கு இறக்கி, அதே இடத்தில் அதே அன்னிக்கு அளந்தப்போ 22.5 மீட்டர். வழுக்கல் பாதியாக் குறைஞ்சது. ஒரு பைசா செலவில்லை. பொதுவா மண்ணில் 8-லிருந்து 15 பங்கு வரை வழுக்கல் இருக்கத்தான் செய்யும், அது கெடுதல் இல்லை. அதுக்கு மேல போனா டீசலும் வீண், டயரும் தேயும், புல்லும் பிய்யும்.

டயரில் எத்தனை வகை?

காற்றைச் சரி பண்ணின பிறகும் டயர் மாற்ற வேண்டிய நிலை வந்தா, டயர் பக்கவாட்டில் இருக்கிற எழுத்துகளைப் படிக்கத் தெரியணும். 8.00-18 என்றால் டயரின் அகலம் 8 அங்குலம், ரிம்மின் விட்டம் 18 அங்குலம். 6 பிஆர் என்பது டயர் எவ்வளவு பாரம் தாங்கும், எவ்வளவு உறுதி என்பதற்கான குறி. பின்டயரின் பட்டன் வகைக்கு 'ஆர்' என்று ஒரு குறி இருக்கும்.

ஆர்-1: நம்ம டிராக்டர்களில் வழக்கமா வர்றது. சாய்ந்த உயரமான கட்டைகள். இழுவை நல்லா இருக்கும், சேற்றைத் தானே உதறும். கூர்மையாத் திருப்பினா புல்லைப் பிய்க்கும்.

ஆர்-2: ஆர்-1 போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரக் கட்டை. நெல் வயல், கரும்பு மாதிரி சேறான இடத்துக்கு. தோப்புக்குள்ள விடவே கூடாது. வயலுக்கு மாட்டுற கேஜ் வீலும் அப்படித்தான்.

ஆர்-3: புல்தரை டயர். உயரம் குறைந்த சின்னச் சின்னக் கட்டைகள் நெருக்கமா, அகலமா இருக்கும். ஹோட்டல் புல்வெளியிலும் கோல்ஃப் மைதானத்திலும் ஆள் உட்கார்ந்து ஓட்டுற புல்வெட்டி வண்டியில் இருக்கிறது இந்த வகைதான். புல்லுக்குச் சேதம் மிகக் குறைவு. ஆனா சேறு அதன் இடுக்கில் அடைச்சுக்கிட்டா வழவழன்னு ஆயிரும். ஈரச் சரிவுக்கு ஆகாது.

ஆர்-4: இரண்டுக்கும் நடுவில். கட்டை உயரம் ஆர்-1-ல் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு, கட்டை அகலம் அதிகம். பக்கச்சுவர் கனம், முள்ளுக்குத் தாங்கும். ஆனா விறைப்பு, அதனால மண்ணில் மெத்தென்று உட்காராது.

நம்ம பக்கத்தில் முள் ஒரு பெரிய விஷயம். வேலிக்கருவை முள் ஒண்ணு போதும். ஆர்-3 டயர் பலதும் மெல்லிசு. வேலியோரம் கருவை இருக்கிற தோப்புக்கு 6 பிஆருக்குக் குறையாமப் பார்த்து வாங்கணும்.

மதுரைக்குப் பக்கத்தில் வெள்ளரிப்பட்டியிலும், நெல்லைக்குப் பக்கத்தில் கங்கைகொண்டானிலும் பெரிய டயர் ஆலைகள் இருக்கு. கங்கைகொண்டானில் விவசாய வண்டி டயர்கள் செஞ்சு பெரும்பாலும் வெளிநாட்டுக்கு அனுப்புறாங்க. ஆனா நம்ம ஊர்க் கடையில் மினி டிராக்டர் அளவில் ஆர்-3 கேட்டா, சொல்லி வச்சுத்தான் வாங்கணும்.

எதைத் தேர்ந்தெடுக்கிறது?

தோப்பு முழுக்கச் சமதளம், புல் நல்லா மூடியிருக்கு, மழை நாளில் வண்டி இறங்காதுன்னா ஆர்-3 நல்லது.

சமதளமும் சரிவும் கலந்த தோப்புன்னா ஆர்-1-ஏ இருக்கட்டும், ஆனா புது டயருக்கு அவசரப்படாதீங்க. பாதி தேஞ்ச ஆர்-1 புல் வெட்டுற வேலைக்குப் புதுசைவிட நல்லது. உழவுக்கு ஆகாதுன்னு கழிச்ச டயர் நமக்கு ஆகும். பட்டன் சுத்தமா மொழுமொழுன்னு போனதும், பக்கச்சுவர் வெடிச்சதும் மட்டும் வேண்டாம். நான் என் புது டயரைப் பக்கத்துத் தோட்டத்து வாழைக்காரருக்குக் கொடுத்துட்டு, அவரோட பாதித் தேஞ்ச டயரை வாங்கிப் போட்டுக்கிட்டேன். அவர் உழுகிறார், அவருக்கு அது வேணும்.

கல்லும் முள்ளும் மிகுந்த செவல் காடுன்னா ஆர்-4 யோசிக்கலாம்.

மாட்டும்போது திசை பார்த்து மாட்டணும். டயர் பக்கத்தில் அம்புக்குறி இருக்கும். இல்லைன்னா வண்டிக்குப் பின்னால நின்னு பாருங்க. பட்டன்கள் கூரை முகடு மாதிரி மேல் நோக்கிக் கூடணும். தலைகீழாப் போட்டா சேறு வெளியே போகாம நடுவில் அடைச்சுக்கும்.

நாலு சக்கர இழுவை உள்ள வண்டின்னா முன்டயரையும் பின்டயரையும் தனித்தனியா மாத்தாதீங்க. முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடக் கொஞ்சமே கொஞ்சம் வேகமா ஓடுற மாதிரி கியரை அமைச்சிருப்பாங்க. ஒரு பக்கம் மட்டும் அளவு மாறினா இரண்டு சக்கரமும் ஒன்னையொன்னு எதிர்த்து இழுக்கும். புல்லும் பிய்யும், கியரும் கெடும்.

தண்ணி அடைக்கலாமா?

பின்டயரில் தண்ணி அடைக்கிறது நம்ம ஊர் வழக்கம். ஜாக்கி வச்சுத் தூக்கி, வால்வு உச்சிக்கு வர்ற மாதிரி திருப்பி, வால்வு மட்டத்துக்கு நிரப்பினா டயரில் முக்கால் பங்கு தண்ணி நிக்கும். மிச்சத்துக்குக் காற்று. உழவுக்கு இது சரி. புல் வெட்டுறதுக்கு நான் இரண்டு மனசாத்தான் சொல்லுவேன். பாரம் கீழே இருக்கிறதால சரிவில் வண்டி கவிழாம நிற்க உதவும். ஆனா அந்தப் பாரத்தையும் மண்தான் சுமக்கணும். சமதளத் தோப்புக்குத் தேவையே இல்லை. சரிவுள்ள தோப்புக்கு அடைச்சா, காற்று அளவைத் திரும்பப் பார்த்துக்கணும்.

அதைவிட நல்ல வழி, பின்சக்கர டிஸ்கைத் திருப்பிப் போட்டு இரண்டு சக்கரத்துக்கும் இடைவெளியை அகலமாக்குறது. பெரும்பாலான மினி டிராக்டரில் இந்த வசதி இருக்கு. பின்னால மல்ச்சர் தொங்கும்போது மேட்டில் முன்பக்கம் லேசாகி ஸ்டீயரிங் பேசாது. அதுக்கு முன்பம்பரில் வெயிட் மாட்டணும், டயர் என்ன செய்யும்?

எந்த டயரும் காப்பாத்தாத இடம்

அன்னிக்கு எங்க வண்டி சறுக்கினதுக்கு டயர் மட்டும் காரணம் இல்லை. ஈரப் புல்லில் பிரேக்கை மிதிச்சா சக்கரம் பூட்டிக்கும். பூட்டின சக்கரம் பனிச்சறுக்குக் கட்டை மாதிரிதான். அப்போ பட்டனுக்கு வேலையே இல்லை. இறக்கத்தில் தொடங்கும் முன்னாலயே சின்ன கியரில் போட்டு, இன்ஜின் பிடிப்பிலேயே இறங்கணும். கிளட்சை மிதிக்கக் கூடாது. நடுவில் கியர் மாத்தக் கூடாது. இரண்டு பிரேக் மிதியையும் கொக்கி போட்டு இணைச்சிருக்கணும். மல்ச்சரை உயரத் தூக்காம, தரைக்குக் கொஞ்சம் மேல வச்சுக்கணும். நாலு சக்கர இழுவை உள்ளவங்க இறக்கத்தில் அதைப் போட்டே இறங்குங்க. அப்போ முன்சக்கரமும் பிடிக்கும்.

சரிவை அளக்க ஒரு வழி. 10 அடி நீளக் கம்பு ஒண்ணை மேட்டுப்பக்கத் தரையில் ஒரு முனை பட, ரசமட்டம் வச்சு நேராப் பிடிங்க. மறுமுனைக்கும் தரைக்கும் இரண்டரை அடிக்கு மேல இடைவெளி இருந்தா, அந்த இடத்தில் வண்டியே வேண்டாம். எங்க மேல்பாதியில் ஒரு துண்டு அப்படி இருக்கு. அங்க இப்போ பிரஷ் கட்டர்தான், சில வருஷம் ஆட்டுக்கிடை போடுறோம். ஆட்டுக்கு டயர் பிரச்சினை இல்லை, எருவும் சேருது. மரத்துப் பட்டையைக் கடிக்காம மட்டும் பார்த்துக்கணும்.

லேசான சரிவில் குறுக்கே ஓட்டலாம். அதைவிடக் கொஞ்சம் அதிகமான சரிவில் மேலிருந்து கீழ ஓட்டுறதுதான் ஆளுக்குப் பாதுகாப்பு. ஆனா மண்ணுக்கு அது ஆபத்து, தடம் வாய்க்காலாகும். அதனால ஒவ்வொரு தடவையும் தடத்தை ஒரு முழம் தள்ளிப் போடுறோம். திருப்பத்தை மேட்டின் உச்சியிலும் சமதளத்திலும் மட்டும் வச்சுக்கிறோம், அதுவும் அகலமா.

எப்போ இறங்கணும்?

கடைசியா, எல்லாத்தைவிட முக்கியமானது. ஒரு பிடி மண்ணை நாலு விரற்கடை ஆழத்தில் எடுத்துக் கையில் இறுக்குங்க. விரலால தட்டினா உதிரணும். உதிராம உருண்டையா நின்னாலோ, உருட்டினா திரியா நீண்டாலோ அன்னிக்கு வண்டி இறங்கக் கூடாது. சக்கரம் முதல் தடவை போகும்போதே இறுகல் பெரும்பகுதி நடந்து முடிஞ்சிரும். அப்புறம் காயட்டும்னு காத்திருந்து பயன் இல்லை. செவல் மண் மழை விட்டு மூணு நாலு நாளில் தயாராகும். கீழே களி சேர்ந்த மண்ணுக்கு ஒரு வாரம் பத்து நாள்கூட ஆகும். ஒரே தோப்பில் இரண்டு தேதி வச்சு வெட்டுறதில் ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. மார்கழிப் பனியும் ஈரம்தான். காலை பத்து மணிக்கு முன்னால நாங்க வண்டி எடுக்கிறதில்லை. இப்போ வெட்டின பச்சைப் புல் மேல திரும்ப ஏறும்போதும் கவனம், அது வழுக்கும்.

புல்லை நாலு அங்குலத்துக்குக் கீழ ஒட்ட வெட்டாதீங்க. நிற்கிற புல்லின் வேர்தான் மண்ணைப் பிடிச்சு வச்சிருக்கு. அந்த வேர் இருந்தாத்தான் டயருக்குப் பிடிமானமே.

அரிச்சுப் போன தடத்தில் குறுக்கே கல்லும் கவாத்து பண்ணின கிளையும் அடுக்கி, கொழுக்கட்டைப் புல் கரணை நட்டோம். இரண்டு மழைக்காலம் ஆச்சு. ஒரு சாண் ஆழம் இப்போ மூணு விரற்கடை இருக்கு. அக்கா மகன்தான் இன்னமும் வண்டி ஓட்டுறான். ஒவ்வொரு தடவையும் இறங்கும் முன்னால மண்ணை எடுத்து இறுக்கிப் பார்த்துட்டு, "மாமா, இன்னைக்கு வேணாம்"னு அவன் சொல்ற நாளில் நான் மறுபேச்சுப் பேசுறதில்லை.

உங்க தோப்பில் வண்டி வழுக்கினா கடைக்குப் போகிறதுக்கு முன்னால ஒரு மீட்டரை வாங்கி டயரில் வச்சுப் பாருங்க. அளந்த கணக்கு இருந்தா இதழுக்கும் எழுதுங்க. களிமண் தோப்புக்காரங்க அனுபவம் எனக்குத் தெரிஞ்சுக்கணும்.